பண்பட்ட கலமா, வளர்த்த கலமா?

"வெண்குட்டத்திற்கு பண்பட்ட தோல் கலங்களை மாற்றும் நவீன சிகிச்சை." கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தில் உள்ள வரி இது. 'பண்பட்ட கலம்' (கலம் என்றால் செல்தான்) என்பதை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. இன்னோரிடத்தில் 'கலாசாரக் கலங்கள்' என்றே போட்டிருந்தார்கள். அது இயந்திரம் செய்த கூத்து, சிரித்துவிட்டுப் போகலாம். பண்பட்ட கலம் அப்படியல்ல, ஆள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட சொல். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சங்கதி என்ன என்று பார்ப்போம். மேற்றோலின் அடி அடுக்கில் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்யும் கலங்கள் (மெலனோசைற்) இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் கலங்களுக்கு நிறம் கொடுக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இவற்றை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டால் அந்த இடம் வெளுத்துப்போகும், துண்டுப்பிரசுரம் வெண்குட்டம் என்பது இதைத்தான். பூச்சு மருந்துக்கும் கழியூதாக் கதிருக்கும் மசியாத, ஆனால் பரவாமல் நின்றுவிட்ட திட்டுகளுக்கு ஒரு வழி உண்டு. நோயாளியின் தொடையிலோ பிட்டத்திலோ மெல்லிதாகத் தோல் சீவி எடுத்து, திரிப்சின் என்ற நொதியத்தால் கலங்களைப் பிரித்து, ஆய்வுகூடத்தில் சில வாரம் போசணை கொடுத்துப் பெருக்குகிறார்கள். அப்புறம் வெளுத்த இடத்தின் மேற்பரப்பைச் சுரண்டி அல்லது லேசரால் நீக்கி, அங்கே அவற்றை இட்டுக் கட்டுப்போடுகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லேர்னரின் குழு 1987 இல் இதைப் பற்றி எழுதியது.

இப்படிப் பெருக்கிய கலங்களை ஆங்கிலக்காரர் 'கல்ச்சர்' செய்த கலங்கள் என்பார்கள், அதைத்தான் 'பண்பட்ட' ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் 'கல்ச்சர்' இலத்தீனில் உழுது பயிரிடுவதிலிருந்து வந்தது. நாகரிகம், கலை என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியவை. பிறப்பு அவ்வளவுதான்.

பண்பட்ட கலத்துக்காக வாதாடுபவர் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். மொழிபெயர்ப்பில் இருக்கும் என் நண்பன் ஒருவன் சொன்னான்: "மச்சான், பண்படுத்துறது எண்டால் நிலத்தை உழுது பதப்படுத்துறதுதானே, மூலமும் அதுதானே, பிறகென்ன பிழை?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் பண்படுத்துவது நிலத்தை, பயிரை இல்லை. பண்பட்ட வயல் என்போம், பண்பட்ட நெல் என்று எந்தக் கமக்காரன் சொன்னான்? நெல்லை விதைக்கிறோம், வளர்க்கிறோம், அறுக்கிறோம். இங்கே ஆய்வுகூடத்தில் பெருகுவது கலம். பண்படுத்தத்தான் வேண்டுமென்றால், சுரண்டித் தயார்செய்கிற அந்த வெளுத்த தோலைச் சொல்லலாம், அதற்காவது பொருந்தும். அதைவிட, இன்றைக்குப் 'பண்பட்ட' என்றதும் வாசிக்கிறவருக்கு வயல் ஞாபகம் வருமா? பண்பட்ட மனிதர், பண்பட்ட பேச்சு, இவைதான் வரும். சொல்லின் பிறப்புச் சான்றிதழை ஒவ்வொரு நோயாளிக்கும் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

சரி, இதையும் விடுங்கள். இந்தச் சிகிச்சையில் வளர்க்காமல் செய்யும் முறையும் ஒன்று இருக்கிறது. எடுத்த தோலிலிருந்து கலங்களைப் பிரித்து அன்றைக்கே இட்டுவிடுவார்கள், எடுத்த தோலைப் போலப் பத்து மடங்கு இடம் வரை மூடலாம். வளர்த்த கலங்கள் என்றால் அதைவிட எவ்வளவோ பெரிய இடம் மூடலாம், ஆனால் ஆய்வுகூடமும் வாரக்கணக்கான பொறுமையும் பணமும் வேண்டும். இந்த இரண்டில் எது தனக்கு என்று நோயாளி கேட்டாக வேண்டும். நண்பனின் கணக்குப்படி மற்றதற்குப் பெயர் 'பண்படாத கலங்கள்'. பண்படாத கலங்களைத் தோலில் வைக்க யார் கையெழுத்துப் போடுவார்? வளர்த்த கலம், வளர்க்காத கலம் என்றால் ஆச்சி கூட வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வா.

இத்தனைக்கும் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. இழைய வளர்ப்பு என்று பாடசாலைப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம், வாழைக் கன்று வாங்குகிறவருக்கும் அது தெரியும். வெள்ளவத்தை லாப் ஒன்றின் கதிரையில் இருக்கும் அம்மா "யூரின் கல்ச்சருக்குக் குடுத்திருக்கு" என்கிறா. அதுவும் எனக்குச் சம்மதம்தான். அவவுக்கும் தெரியும், தாதிக்கும் தெரியும், குழப்பம் இல்லை. ஒன்றில் ஊர் பேசுகிற இரவல் சொல், இல்லாவிட்டால் சரியான தமிழ்ச் சொல். இரண்டும் இல்லாத வெள்ளைவேட்டித் தமிழ்தான் தொல்லை.

கலம் என்ற சொல்லை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து ஒட்டியெடுத்த பந்தியில் 'செல்' என்றும் அடுத்த பந்தியில் 'கலம்' என்றும் ஒரே தாளில் இரண்டையும் போடுகிறார்கள், வாசிக்கிறவர் இரண்டும் வேறு என்று நினைக்கிறார். மெலனோசைற் என்பதில் கடைசியில் நிற்கும் 'சைற்' கிரேக்கத்தில் ஏனம், பாத்திரம். மட்கலம், உண்கலம் என்கிற அதே பொருள். இவ்வளவு அழகாகப் பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன தேடுவது? மெலனோசைற்றுக்கு நிறக்கலம் போதும். துண்டுப்பிரசுரம் சும்மா 'தோல் கலங்கள்' என்கிறது. தோல் கலங்களில் பெரும்பான்மை நிறம் செய்யாதவை, இங்கே வேலை நிறக்கலத்துக்கு.

அடுத்தது 'மாற்றும்'. சிறுநீரக மாற்று என்று பழகிவிட்டது, அதை இனி அசைக்க முடியாது (அதிலும் பழைய சிறுநீரகத்தைப் பெரும்பாலும் எடுப்பதே இல்லை, புதியதைக் கீழ் வயிற்றில் வைப்பார்கள்). ஆனால் கலத்தை மாற்றுவது என்றால் மரபணுவில் கைவைக்கிறார்கள் என்றுதான் ஆட்கள் விளங்கிக்கொள்கிறார்கள். வெளுத்த இடத்தில் எடுத்துவிட்டு வேறு வைக்க நிறக்கலம் எதுவும் மிச்சமில்லை, வெறும் இடத்தில்தான் வைக்கிறார்கள். நாற்றுமேடையில் வளர்த்து வயலில் நடுகிற அதே காரியம். நடுகை என்று சொல்லிவிட்டுப் போகலாமே! பிடித்துவிட்டது, பிடிக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்தே பேசலாம், ஒட்டு மாங்கன்றுக்குச் சொல்கிற மாதிரி.

கடைசியாக வெண்குட்டம். இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. குஷ்டம் என்ற வடசொல் ஒருகாலத்தில் பலவகைத் தோல் நோய்களுக்கும் பொதுப் பெயர். இன்று அது தொழுநோய் ஒன்றைத்தான் குறிக்கிறது. ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தலையில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை கட்டிய நாடு இது, மட்டக்களப்பில் தொழுநோயாளரை வைத்திருந்த மாந்தீவும் இருந்தது. குட்டம் என்ற சொல்லோடு எங்கள் ஆட்களுக்கு வரும் பயம் அங்கிருந்து வருகிறது. தொழுநோய் கிருமியால் வருவது, திட்டில் உணர்ச்சி மரத்துப்போகும். இது தொற்றாது, மரக்காது. சிங்களத்தில் 'சுது கபர' என்றும் 'லாதுரு' என்றும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, தமிழில் மட்டும் கலியாணம் பேசுகிற வீட்டில் போய்க் 'குட்டம்' என்று சொல்ல வைக்கிறோம். சித்த வைத்தியர்கள் வெண்படை என்கிறார்கள், வெண்புள்ளி என்றும் எழுதுகிறார்கள். தேமலும் வேண்டாம், அது பெரும்பாலும் பங்கசு செய்யும் வேலை, பூச்சு மருந்தில் போய்விடும். எனக்கு வெண்திட்டு பிடித்திருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருப்பதைப் புள்ளி என்று சொல்ல வாய் வராது.

ஆக, அந்த வரியை 'வெண்திட்டுக்கு உங்கள் சொந்த நிறக்கலங்களை வளர்த்து நடும் சிகிச்சை' என்று எழுதியிருந்தால் அதே இடத்தில் அடங்கியிருக்கும். மிஞ்சும் இடத்தில், புதுத்திட்டு எதுவும் வராமல் ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும் என்பதையும் போட்டிருக்கலாம். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வகையில் நன்றாகப் பிடிக்கும், விரல் நுனியிலும் மூட்டிலும் லேசில் பிடிக்காது என்பதையும்தான். பணம் கட்ட முன்னர் ஒருவர் வாசிக்க வேண்டியது அதைத்தானே.