இடைத்தேர்தல்: சொல் விளக்கம்

ஒரு பொதுத்தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில், காலியான ஓர் இடத்தை நிரப்ப மட்டும் நடப்பது இடைத்தேர்தல். பேச்சில் 'பை எலெக்‌ஷன்' என்போம். உறுப்பினர் இறந்தாலும், விலகினாலும், தகுதி இழந்தாலும் இடம் காலியாகும். சில நேரம் அவருடைய அந்தரங்க விவகாரம் அம்பலமாகி ஆளைக் கீழே இறக்கிவிடும்.

ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் 'பை', முதன்மையானதல்லாத, பக்கவாட்டில் உள்ள என்று பொருள்படும் பழைய முன்னொட்டு. இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் அதற்கு இணையாக 'உப' என்று வைத்துக்கொண்டன. தமிழில் நிலைத்ததோ 'இடை'. தேர்தலின் தகுதியைச் சொல்லாமல் அது வரும் காலத்தைச் சொல்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தம். ஒரு தொகுதிக்கு நடப்பதால் மட்டும் அது உப தேர்தல் ஆகிவிடுமா என்ன?

சிங்கப்பூரைப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி, தன் ஹவ்காங் தொகுதி உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கை வெளியேற்றியது. அந்தரங்க வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு அவர் விளக்கம் தரவில்லை என்பது காரணம். அந்நாட்டு அரசமைப்புப்படி கட்சி போனால் இடமும் போச்சு. மே 26 அன்று நடந்த இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியே மறுபடி வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு அடி விழுந்தது. நாடாளுமன்ற நாயகர் (நம் ஊர்ச் சபாநாயகர்) மைக்கல் பால்மர், திருமணத்துக்கு வெளியே கொண்ட உறவு காரணமாகப் பதவி விலகினார். 2013 ஜனவரி 26 அன்று அவருடைய பொங்கோல் ஈஸ்ட் தொகுதியில் பாட்டாளிக் கட்சியின் லீ லி லியன் வென்றார். 2011இல் பால்மர் பெற்றது 54 விழுக்காட்டுக்குச் சற்று மேல். லீ பெற்றதும் ஏறக்குறைய அதே அளவு!

காலியான இடத்தை எத்தனை நாளில் நிரப்ப வேண்டும்? இந்தியாவில் பொதுவாக 6 மாதம். மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவென்றால் விட்டுவிடலாம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் கெடு கிடையாது. ஹவ்காங்வாசி ஒருவர் தொடுத்த வழக்கில், நியாயமான காலத்துக்குள் பிரதமர் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்னது.

'இடைக்காலத் தேர்தல்' வேறு. அவையே முன்கூட்டிக் கலைக்கப்பட்டு எல்லா இடங்களுக்கும் நடப்பது அது. 1971 மக்களவைத் தேர்தல் அப்படி வந்ததுதான். இரண்டையும் செய்திகளில் குழப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஹவ்காங், 2020 வரை இருந்த பொங்கோல் ஈஸ்ட் இரண்டையும் சிங்கப்பூர்த் தமிழில் 'தனித்தொகுதி' என்பார்கள். அங்கே அது ஒரே உறுப்பினர் கொண்ட தொகுதி. தமிழ்நாட்டில் நாம் சொல்லும் ஒதுக்கீட்டுத் தொகுதி அல்ல. பலர் குழுவாக நிற்பது 'குழுத்தொகுதி'. அதில் ஒருவர் விலகினால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை. 2023 ஜூலையில் நாடாளுமன்ற நாயகர் டான் சுவான் ஜின்னும் சக உறுப்பினர் செங் லி ஹுய்யும் தங்கள் உறவு காரணமாக விலகியபோது இடைத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை.