திராட்சரசம்: விவிலிய விருந்துகளின் ‘யாயின்’

திராட்சரசம் என்ற சொல்லைத் தமிழில் வேரூன்றச் செய்தது வேதாகம மொழிபெயர்ப்பு. கடையில் பிழிந்து தரும் திராட்சை ஜூஸை யாரும் அப்படி அழைப்பதில்லை. வைன் பாட்டிலைப் பார்த்தும் அப்படிச் சொல்வதில்லை. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணம், அவர் சீடரோடு கடைசியாக உண்ட இராப்போஜனம், நோவாவின் தோட்டம் என்று வேதாகமப் பக்கங்களுக்குள்ளேயே புழங்குவதால், அது புளிக்காத பழச்சாறா, வெறியூட்டும் மதுவா என்ற கேள்வி வேதபாட வகுப்புகளில் இன்றும் எழுகிறது. மூலமொழிகளில் இதற்கு நேரான சொற்கள் எபிரெயத்தில் ‘யாயின்’, கிரேக்கத்தில் ‘ஒய்னோஸ்’. இரண்டும் குறிப்பது புளிக்கவைத்த திராட்சை மதுவைத்தான்.

யாயின் என்பதன் பழைய வடிவம் ‘வய்ன்’. அரபியிலும் பழைய எத்தியோப்பிய மொழியிலும் அந்த வகரம் அப்படியே இருக்கிறது. எபிரெயத்தில் சொல்லின் முதலில் வரும் வகரம் யகரமாகிவிடும். கிரேக்க ஒய்னோஸ், இலத்தீன் வீனும், அதன் வழியே ஆங்கில வைன், போர்த்துக்கீசிய வீஞ்ஞோ, அதைக் கடன் வாங்கிய மலையாள வீஞ்ஞு எல்லாம் ஒரே குடும்பம். மத்தியதரைக் கடலோரத்தில் கொடியோடு சேர்ந்து ஊர் ஊராகப் பரவிய சொல் இது. பழைய வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் 1910-இல் கிடைத்த கி.மு. 8-ஆம் நூற்றாண்டு ஓட்டுச்சில்லுகளில் ‘பழைய மது ஒரு சாடி’ என்ற பதிவு உண்டு. வட இஸ்ரவேல் எழுத்தர் அங்கே ‘ய்ன்’ என்று இரண்டே எழுத்தில் எழுதினார். தெற்கே யூதாவின் ஆராத் கோட்டையில் கிடைத்த சில்லுகளில் ‘ய்ய்ன்’ என்று மூன்று எழுத்து. வட்டார உச்சரிப்பு மாறியதற்கு இதுவே சான்று. நாம் பேச்சில் சொல்லும் ‘வைன்’ யாயினுக்குத் தூரத்துச் சொந்தம். திராட்சரசத்துக்கு அந்த உறவு கிடையாது.

திராட்சரசம் வடமொழியின் திராக்ஷா, ரஸ என்ற இரண்டு சொற்களின் கூட்டு. ரஸ என்றால் சாறு, சாரம். புளித்ததா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. வடமொழி மருத்துவ நூல்கள் இதில் கவனமாக இருந்தன: பிழிந்த சாறு ரஸம், புளிக்கவைத்தது ஆசவம் அல்லது அரிஷ்டம். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் திராட்சாரிஷ்டத்தில் புளிப்பினால் தானாகவே உண்டான சாராயம் இருக்கிறது. யாயினுக்கு ‘ரசம்’ என்று போட்டபோது அந்தப் பாகுபாடு விட்டுப்போயிற்று.

அதோடு நிற்கவில்லை. இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ஒரே மூலச்சொல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அப்போஸ்தலன் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் குடிக்கச் சொல்லும் இடத்தில் ஒய்னோஸ் ‘திராட்சரசம்’ ஆகிறது. எபேசியர் 5:18-இல் வெறிகொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் அதே ஒய்னோஸ் ‘மதுபானம்’ ஆகிறது. நீதிமொழிகள் 23:31-இல் கிண்ணத்தில் சிவந்து பளபளப்பது எபிரெயத்தில் யாயின். தமிழில் அதுவும் ‘மதுபானம்’. யோவான் 2:10 இன்னும் நுட்பமான இடம். கானாவூர்க் கல்யாணப் பந்தியை மேற்பார்க்கும் பந்திவிசாரிப்புக்காரன், எல்லாரும் முதலில் நல்லதைக் கொடுத்து, ஜனங்கள் ‘திருப்தியடைந்தபின்பு’ ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்கிறான். கிரேக்க வினைச்சொல்லின் நேர்ப்பொருள் ‘போதை ஏறியபின்பு’. பல இடங்களில் பயன் நல்லதென்றால் ரசம், கெட்டதென்றால் மது என்று பிரித்துவிட்டதால், தமிழில் படிப்பவருக்கு இரண்டு வேறு பானங்கள் இருந்ததாகத் தோன்றுகிறது. விவிலிய எழுத்தாளர்களுக்கு அது ஒரே பானம். மகிழ்விப்பதும் கெடுப்பதும் அதே கிண்ணம் என்பதில்தான் அவர்கள் எச்சரிக்கையின் வலுவே இருக்கிறது. நோவா குடித்து வெறிகொண்டது போன்ற சில இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் திராட்சரசம் என்றே விட்டிருக்கிறார்கள்.

யாயினைச் சுற்றி வேறு சொற்களும் உண்டு. ‘திரோஷ்’ திராட்சை மிதிக்கும் ஆலையிலிருந்து வந்த புது மது. தானியம், எண்ணெய் இவற்றோடு விளைச்சலாக எண்ணப்படுவது. ‘அசிஸ்’ அப்போது மிதித்தெடுத்த இனிப்புச் சாறு. ‘ஷேகார்’ தானியம், பேரீச்சை முதலியவற்றின் மது. பழைய மெசபொத்தேமியாவின் அக்காதிய மொழியில் இதன் உடன்பிறப்புச் சொல் பீரைக் குறிக்கும். ‘திராட்சரசமும் மதுபானமும்’ என்று இணையாக வரும் இடங்களில் மதுபானம் பெரும்பாலும் ஷேகார். ‘ஹோமெட்ஸ்’ புளித்துப்போன மது. அதற்குத் தமிழ் வேதாகமம் எடுத்துக்கொண்ட ‘காடி’ அருமையான தேர்வு. ரூத் அப்பத்தைத் தோய்த்ததும், சிலுவையடியில் கடற்காளானில் நிரப்பியதும் காடிதான்.

இந்தச் சொற்கள் ஏன் இத்தனை என்பது செய்முறையைப் பார்த்தால் விளங்கும். பாறையைச் செதுக்கிச் சற்றே சரிவாக ஒரு மிதிதளம். அதன் பெயர் ‘கத்’. அங்கிருந்து வாய்க்கால் வழியாகச் சாறு இறங்கும் கீழ்த்தொட்டி ‘யெகெவ்’. தமிழில் இரண்டும் பெரும்பாலும் ‘ஆலை’ என்றே வருகின்றன. (இயேசு பிடிபட்ட இடமான கெத்செமனே என்ற பெயரின் முதற்பகுதி இந்தக் கத்; எண்ணெய் ஆலை என்று பொருள்.) ஆடி முதல் புரட்டாசி வரையான வெயிலில் பழம் பறிப்பார்கள். மிதிப்பது வெறுங்காலால். கல்லிட்டு நசுக்கினால் விதை உடைந்து கசப்பு இறங்கிவிடும். பழத்தோலில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட், அந்த வெக்கையில் ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். முதல் சில நாள் நுரைத்துப் பொங்குவது தொட்டியிலேயே அடங்கும். பிறகு சாடிக்கோ துருத்திக்கோ மாற்றுவார்கள்.

துருத்தி என்றதும் கொல்லன் உலைதான் நினைவுக்கு வரும். இங்கே அது ஆட்டுத்தோலை முழுதாக உரித்துத் தைத்த பை. புது மதுவைப் பழந்துருத்தியில் ஊற்றாதே என்று மாற்கு 2:22 சொல்வது தொழில் அறிவு. புளிப்பு முடியாத மது கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். புதுத்தோல் இழுபட்டு இடம் கொடுக்கும். ஏற்கெனவே ஒருமுறை இழுபட்டு விறைத்த பழந்தோல் கிழிந்து, மதுவும் போகும், துருத்தியும் போகும். மண்சாடியிலும் இதே ஆபத்து உண்டு. புளிப்பு அடங்குமுன் வாயை இறுக்கினால் சாடி வெடிக்கும். அடங்கிய பின்னும் திறந்து விட்டால் காற்றுப் பட்டுக் காடியாகும்.

அடியில் தங்கும் வண்டலும் கவனிக்க வேண்டியது. மது சிறிது காலம் வண்டல்மேல் இருந்தால் மணமும் வலுவும் கூடும். மாற்றாமலே விட்டால் தடித்துக் கெடும். மோவாப் நாடு பாத்திரம் மாற்றி வார்க்கப்படாமல் வண்டல்மேல் கிடந்தது என்று எரேமியா 48:11 சொல்வது இதைத்தான். ஏசாயா 25:6-இல் கர்த்தர் மலைமேல் படைக்கும் விருந்தில் வருவது வண்டல்மேல் முதிர்ந்து, பின் வடிகட்டித் தெளிந்த மது. துணியில் வடிகட்டினால் வண்டலோடு பூச்சியும் நிற்கும். கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்ற இயேசுவின் வார்த்தைக்கும் பின்னணி இந்த வடிகட்டல்.

எருசலேமுக்கு வடக்கே உள்ள கிபியோனில் 1950-களில் தொடங்கிய அகழாய்வில், மது சேமிக்கப் பாறையில் குடைந்த மணிவடிவ நிலவறைகள் 63 கிடைத்தன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 18 பாகை செல்சியஸ் நிலையாக இருக்கும். இவ்வளவு பாடுபட்டும் அவர்களால் காக்க முடிந்தது மதுவைத்தான். புளிக்காத சாற்றை அல்ல. ஆவணியில் பிழிந்த சாறு பங்குனியில் வரும் யூதரின் பஸ்கா பண்டிகை வரை, ஆறேழு மாதம், சாறாகவே நிற்க வழியில்லை. காய்ச்சிப் பாகாக்கினால் உண்டு, அது வேறு பொருள். திராட்சைச் சாற்றைச் சூடாக்கி, புளிப்பை நிறுத்திப் புட்டியில் அடைக்கும் முறையை அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் கண்டது 1869-இல்தான். இன்று பல சபைகளின் திருவிருந்தில் சாறு ஊற்றப்படுவது அதற்குப் பின் வந்த வழக்கம்.

விருந்துக்கு எபிரெயத்தில் ‘மிஷ்தே’ என்பார்கள். ‘ஷாத்தா’, குடி, என்ற வினையடியிலிருந்து வந்த பெயர். விருந்தின் பெயரே குடிப்பு. ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் வைத்தது மிஷ்தே, சிம்சோனின் ஏழுநாள் கல்யாண விருந்து மிஷ்தே, எஸ்தர் புத்தகம் முழுவதுமே மிஷ்தேக்களால் நகர்கிறது. பாரசீக அரசன் அகாஸ்வேரு 180 நாள் விருந்துக்குப் பின் மேலும் 7 நாள் விருந்து வைத்தபோது, ஒருவரையும் குடிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று முறை வகுத்தது அங்கே பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே அரசவைப் பந்திகளின் நிலையைக் காட்டுகிறது.

அளவுகளில் தமிழ் வாசகர் எளிதில் ஏமாறுவார். கானாவூரில் ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் ‘இரண்டு மூன்று குடம்’ கொள்ளும் என்று படிக்கிறோம். நம் வீட்டுக் குடத்தை 15 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 180 முதல் 270 லிட்டர். மூலத்தில் உள்ள ‘மெத்ரேத்தேஸ்’ ஏறக்குறைய 39 லிட்டர். ஆக 470 முதல் 700 லிட்டர் வரை. பழைய ஏற்பாட்டின் ‘பாத்’ (சுமார் 22 லிட்டர்) என்ற அளவுக்கும் தமிழில் குடம் என்றே போட்டிருப்பதால் குழப்பம் கூடுகிறது. சாடிகள் கல்லாலானவை என்பதும் வெறும் வர்ணனை இல்லை. மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது யூத வழக்கம். கைகால் கழுவும் சடங்கு நீருக்கான அந்தச் சாடிகளில் விருந்துக்கான மது நிறைந்தது என்பதே யோவான் காட்டும் அடையாளம். கல்யாண வீட்டில் மது தீர்ந்துபோவது ஏழு நாள் உபசாரத்தில் குடும்பத்துக்கு வரும் அவமானம்; மரியாளின் பதற்றம் அங்கிருந்து வருகிறது.

கலப்பு விஷயத்தில் காலம் பார்த்துப் படிக்க வேண்டும். ஏசாயா 1:22-இல் தண்ணீர் கலந்த மது என்பது வசை, கலப்படம். பழங்காலத்தில் கலந்தது நறுமணப் பொருள்கள். கானானிய ஊரான தெல் கப்ரியில் 2013-இல் கண்ட, சுமார் கி.மு. 1700-ஐச் சேர்ந்த 40 சாடிகளில் தேனும் மரப்பிசினும் கலந்த தடயம் இருந்தது. கிரேக்க வழக்கம் வந்தபின் நிலைமை தலைகீழ். தண்ணீர் சேர்த்த மதுவே இனிமை என்று 2 மக்கபேயர் 15:39 சொல்கிறது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் தாங்காதது மதுவே அல்ல என்கிறார் யூத மறைநூல் விளக்கத் தொகுப்பான தல்மூதில் ராவா என்ற ரபி.

பலிபீடத்திலும் யாயினுக்கு அளவு உண்டு. எண்ணாகமம் 15-இன்படி ஆட்டுக்குட்டிக்குக் கால் ஹின், ஆட்டுக்கடாவுக்கு மூன்றில் ஒன்று, காளைக்கு அரை. ஒரு ஹின் சுமார் 3.6 லிட்டர். அதே யாயினைக் கூடாரத்துக்குள் பணிசெய்யப் போகும் ஆசாரியன் தொடக்கூடாது. கடவுளுக்கென்று விரதம் பூண்ட நசரேயன் விரத நாளெல்லாம் காடி, பழம், வற்றல், தோல், விதை வரை விலக்க வேண்டும். பஸ்காவைக் கட்டளையிடும் யாத்திராகமம் 12-இல் மது இல்லவே இல்லை. ஆடு, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை, அவ்வளவே. மது பிறகு சேர்ந்தது, கி.பி. 200 அளவில் தொகுத்த யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பரம ஏழைக்கும் நான்கு கிண்ணம் குறையக்கூடாது, தர்மப் பணத்திலிருந்தாவது தரவேண்டும் என்கிறது. இயேசுவின் இராப்போஜனத்தைச் சொல்லும் லூக்கா 22-இல் கிண்ணம் இரண்டு முறை எடுக்கப்படுவது இந்தப் பின்னணியில் பொருந்துகிறது. திராட்சையின் சிவப்பை ‘திராட்சையின் இரத்தம்’ என்பது ஆதியாகமம் 49:11 முதலே எபிரெயக் கவிமரபு. எனவே ‘இது என் இரத்தம்’ என்று இயேசு சொன்னது பந்தியிலிருந்தவர்கள் காதுக்கு முற்றிலும் புதிய உவமையாக இருந்திருக்காது. இரத்தம் உண்ணலாகாது என்ற சட்டத்துக்கு எதிரே அது நின்றதுதான் அதிர்ச்சி.

சரி, யாயினுக்குத் தமிழ் எது? கொடிக்குக் ‘கொடிமுந்திரி’ உண்டு. மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சைதான். பானத்துக்குத் ‘தேறல்’ என்பதே மிகப் பொருத்தம். தேறு, அதாவது தெளி, என்ற வினையிலிருந்து வந்த அது வடிந்து தெளிந்த மதுவைக் குறிக்கும். ஏசாயாவின் வண்டல் தெளிந்த மதுவுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. புறநானூறு 56-இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை, ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ நாளும் உண்டு மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். கடல்வழி வந்த மேலைநாட்டு மதுவைத் தமிழ் அன்றே அந்தப் பெயரில் ஏற்றுக்கொண்டது. ஆகவே யாயினையும் ஒய்னோஸையும் எல்லா இடத்திலும் ‘திராட்சைத் தேறல்’ என்று ஒரே சொல்லால் தரலாம். திரோஷுக்குப் புதுத்தேறல், அசிஸுக்குச் சாறு, ஷேகாருக்கு மது. வழிபாட்டில் திராட்சரசம் என்றே பழகிய சபைகள் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எபேசியர் 5:18-ஐ விளக்கும்போது, கானாவூரில் பரிமாறிய அதே ஒய்னோஸ்தான் இங்கேயும் என்று சொல்லிவிட வேண்டும்.