சுயசரிதைப் படம்: அந்தச் ‘சுய’ யாருடையது?

“மறைந்த பாடகரின் சுயசரிதை படமாகிறது. கதை, திரைக்கதை, வசனத்தை இயக்குநரே எழுதியிருக்கிறார்.”

செய்தி வாசித்தவர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். இறந்துபோனவரின் சுயசரிதையை இன்னொருவர் எப்படி எழுதுவார்? ஆவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாரா? அந்த வாரத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டது அது நான்காவது முறை. ஒரு விமர்சனத்தில், ஒரு நேர்காணலில், ஒரு சப்டைட்டிலில், கடைசியில் இந்தச் செய்தியில். மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவதுக்கு இந்தக் கட்டுரை.

சொல்லவந்தது ‘பயோபிக்’. அதன் பிறப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிரேக்கத்தில் ‘பியோஸ்’ என்றால் வாழ்வு, ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுதல். இரண்டும் சேர்ந்து ‘பயோகிராஃபி’. அதோடு ‘பிக்சர்’ சேர்ந்தது. அமெரிக்கத் திரைத்தொழில் இதழ்களுக்குத் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உண்டு. இரண்டு சொல்லையும் நறுக்கி ஒட்டினார்கள், ‘பயோபிக்’ ஆனது. ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் படம், அவ்வளவுதான். யார் சொல்கிறார் என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை.

நம் ‘சுயசரிதை’ வாய் திறக்கிறது. ‘சுய’ என்றால் தன்னுடைய. ‘சரிதை’ வடமொழியின் ‘சரித’த்திலிருந்து வந்தது. அதன் வேர் நடத்தலைக் குறிக்கும். ஒருவர் நடந்த நடை, நடந்துகொண்ட விதம், அதைச் சொல்லும் கதை என்று பொருள் விரிந்தது. ஆக, சுயசரிதை என்றால் தன் கதையைத் தானே சொல்வது. பாரதி தன் கதையைச் செய்யுளில் சொன்னது ‘ஸ்வசரிதை’. தனித்தமிழில் எழுதுபவர்கள் ‘தன்வரலாறு’ என்பார்கள். எது எழுதினாலும் ‘சுய’, ‘தன்’ என்ற முன்னொட்டுதான் அங்கே வேலை செய்கிறது.

இதில் உ.வே.சாமிநாதையர் ஒரு குழப்பமும் வைக்கவில்லை. தன்னைப் பற்றி எழுதியபோது ‘என் சரித்திரம்’. ஆசிரியரைப் பற்றி எழுதியபோது ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’. அதே சரித்திரம்தான், முன்னால் இருப்பது மட்டும் வேறு. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூன்று இசைவாணர்களின் வாழ்க்கையையும் அவர் எழுதினார். அவற்றை எவரும் சுயசரிதை என்று சொன்னதில்லை. அப்புறம் எப்போது நமக்கு இந்தக் காது மந்தம் வந்தது?

என் கணிப்பு இது. ‘சரிதை’ தனியாக நடமாடுவது குறைந்துவிட்டது. ‘சுயசரிதை’ மட்டும் பாடப்புத்தகத்திலும் புத்தகக் கடையிலும் ஒரே கட்டியாகத் தங்கிவிட்டது. கட்டியாக விழுங்குகிறவருக்கு உள்ளே ‘சுய’ இருப்பது தெரிவதில்லை. ‘நடுசென்டர்’ என்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் நடுசென்டரில் நிற்பவர் நடுவில்தான் நிற்கிறார், பொருள் கெடவில்லை. சுயசரிதைப் படத்தில் பொருள் தலைகீழாகிறது. ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னது, அவரே சொன்னதாக ஆகிவிடுகிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். சினிமா பற்றி எழுதுகிறவர்தான். “மக்கள் வழக்கு அதுதான், விடுங்களேன்” என்றார். மக்கள் வழக்குக்கு நான் எதிரி இல்லை. ‘சினிமா’வையே நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் வழக்கு ஒரு வேறுபாட்டை அழித்தால் அதற்கு விலை உண்டு. உண்மையிலேயே சுயசரிதையிலிருந்து எடுத்த படம் வந்தால் அதை என்னவென்று சொல்வது? அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகி லொரெட்டா லின் 1976-இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்ற அதே பெயரில் 1980-இல் படம் வந்தது. லொரெட்டாவாக நடித்த சிசி ஸ்பேசெக் பாடல்களையும் தானே பாடி, ஆஸ்கரும் வாங்கினார். அதைச் சுயசரிதைப் படம் என்று சொல்லுங்கள், எழுந்து நின்று ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானின் ‘ராக்கெட்மேன்’ (2019) படத்துக்கும் சலுகை தரலாம். அவரே நிர்வாகத் தயாரிப்பாளர், அவருடைய கணவர் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

சலுகை கொடுக்க முடியாத படம் ‘பொஹீமியன் ராப்சடி’ (2018). அது ‘குவீன்’ ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் கதை. அவர் 1991 நவம்பரில் இறந்துவிட்டார். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் அந்தக் குழுவின் மேலாளர். இசைப் பொறுப்பில் இருந்தவர்கள் உடன் வாசித்த பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும். படம் என்ன சொல்கிறது? ஃபிரெடி தனி ஆல்பத்துக்காகக் குழுவை உடைக்கிறார், மற்றவர்கள் மனம் நொந்துபோகிறார்கள், கடைசியில் அவர் தலைகுனிந்து திரும்பி வருகிறார். நடந்தது என்ன? ரோஜர் டெய்லரின் தனி ஆல்பம் 1981-லேயே வந்துவிட்டது. பிரையன் மே 1983-இல் தனியாக வெளியிட்டார். ஃபிரெடியுடையது அதற்கும் பிறகு, 1985-இல். குழு உடையவும் இல்லை. 1985 ஜூலை 13-இல் ‘லைவ் எய்டு’ என்ற நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சியில் மேடை ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு பெரிய சுற்றுப்பயணத்தை முடித்திருந்தார்கள். தனக்கு எய்ட்ஸ் என்று அந்த மேடைக்கு முன்பே அவர் தோழர்களிடம் சொல்வதாகப் படம் காட்டுகிறது. நோய் உறுதியானது 1987 என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. உச்சக்காட்சியில் கண்ணீர் வேண்டுமே, அதற்காக ஒரு மனிதனின் நோயை இரண்டு வருடம் முன்னால் இழுத்துவிட்டார்கள்.

இப்போது ‘சுயசரிதைப் படம்’ என்று சொல்லிப் பாருங்கள். சுயம் இருக்கிறது. ஆனால் அது ஃபிரெடியின் சுயம் இல்லை, மீதம் இருந்தவர்களின் சுயம். தப்பான சொல் தெரியாமல் ஒரு உண்மையைத் தொட்டுவிட்டது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இசைக்கலைஞர்களின் படங்களில் மட்டும் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் படம் எடுக்க அவர் கண்டுபிடித்த சூத்திரத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாடகரைப் பற்றி எடுக்க அவருடைய பாட்டு வேண்டும். மெட்டின் உரிமை ஒரு இடத்தில் இருக்கும், ஒலிப்பதிவின் உரிமை இன்னொரு இடத்தில் இருக்கும். பெரும்பாலும் குடும்பமோ நிறுவனமோ சாவியை வைத்திருக்கும். சாவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு படங்கள் சாட்சி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றிய படம் (2013) அவர் எழுதிய ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. டேவிட் போவி பற்றிய ‘ஸ்டார்டஸ்ட்’ (2020) படத்துக்கும் அதே கதி. சமையல்காரரைப் பற்றிப் படம் எடுத்து அடுப்பைக் காட்டாத மாதிரி. சாவி கிடைத்தாலோ, கூடவே வீட்டுக்காரரின் பார்வையும் வந்து சேரும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது, மெய்க்கீர்த்தி. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வருமே, எந்த நாட்டை வென்றார், எங்கே கலம் அறுத்தார் என்று வரிசையாக. ‘மெய்’ என்று பெயரில் இருக்கிறது. ஆனால் தோற்ற போரைக் கல்லில் வெட்டச் சொன்ன அரசனை நான் படித்ததில்லை. குடும்பம் ஒப்புதல் தந்து வரும் இசைப்படங்களை மெய்க்கீர்த்திப் படம் என்று சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், புகழ்ச்சி என்றுதான் நினைப்பார்கள்.

சரி, மாற்று என்ன? ‘உயிர்ப்படம்’ என்று ஒருவர் சொன்னார். ‘பயாலஜி’ உயிரியல் ஆனதால் ‘பயோபிக்’ உயிர்ப்படமாம். இது மொழிபெயர்ப்பில்லை, எழுத்துக்கூட்டல். தவளையை அறுத்துக் காட்டும் பாடப்படம் என்று யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுகிற இந்த அவசரத்தால்தான் நல்ல கலைச்சொல்லுக்கும் கெட்ட பெயர் வருகிறது.

‘வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம்’ பிழையில்லாதது. ஆனால் ஒரு நாள் அதை வாயால் சொல்லிப் பாருங்கள், இடைவேளை வந்துவிடும். இன்னொரு தயக்கமும் உண்டு. வரலாறு என்பது வரல், ஆறு. ஆறு என்றால் வழி. வந்த வழியை வந்தபடி சொல்வது. இந்தப் படங்களில் பல அந்த வழியில் நடப்பதில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பற்றிய 2024-ஆம் ஆண்டுப் படத்தில், அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நடந்த 1965 இசைவிழாவில் கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” (துரோகி) என்று கத்துகிறார். அந்தக் கத்தல் எழுந்தது மறுவருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில். கடலுக்கு அந்தக் கரையில் எழுந்த குரலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல படம்தான். வரலாறு என்ற சொல்லை மட்டும் அதன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

விமர்சகர்களின் இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். “படம் அந்த இசைமேதைக்கு நியாயம் செய்திருக்கிறதா?” ஆங்கிலத்தில் அது மரபுத்தொடர், தமிழில் வெறும் நிழல். ‘ஈடுகொடுத்ததா’, ‘தகுதியாக இருந்ததா’ என்று கேட்கலாம். நீதி வழங்குவதற்குத் தமிழில் ‘முறைசெய்தல்’ என்ற சொல்லே உண்டு, குறளில் மன்னவன் முறைசெய்து காப்பாற்றுகிறான். அந்த அர்த்தத்தில் கேட்டால் கேள்வி கூர்மையாகிறது. முறைசெய்வதென்றால் இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். ‘பொஹீமியன் ராப்சடி’யில் ஒரு தரப்பு நீதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

‘அமாடியஸ்’ (1984) வேறு விதம். பொறாமையில் மொசார்ட்டை அழித்தவராக அதில் வரும் சக இசையமைப்பாளர் சாலியேரி, நிஜத்தில் பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் லிஸ்ட்டுக்கும் பாடம் சொன்னவர். மொசார்ட்டின் மகனே அவரிடம் படித்தான். படுத்த படுக்கையில் மொசார்ட் சொல்லச் சொல்ல சாலியேரி இசைக்குறிப்பு எழுதும் காட்சி முழுக் கற்பனை, அந்த இசையை முடித்துவைத்தவர் சூஸ்மாயர் என்ற வேறொரு இசையமைப்பாளர். சாலியேரிக்கு நடந்தது அநீதி, சந்தேகமில்லை. ஆனால் இசைத்தாளைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறுகிறதே, அந்த ஒரு இடத்தில் மொசார்ட்டின் இசையில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தேதி பிசகாத பல படங்களில் இது கிடைக்கவில்லை. அவற்றில் பாட்டு எப்போதும் கதவைத் திறந்ததும் வந்து விழுகிறது. சாதகம் இல்லை, கிழித்துப் போட்ட தாள் இல்லை. சார்லி பார்க்கர் பற்றிய ‘பேர்ட்’ (1988) படத்தில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து சாக்ஸஃபோனை மட்டும் பிரித்தெடுத்து, புதிய வாத்தியக்காரர்களைக் கூட வாசிக்க வைத்தார்கள். அதை நான் மரியாதை என்பேன்.

கதையை மாற்றுவது நமக்கும் புதிதில்லை. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் (நந்தனார்) கதையில் கொடுமைக்கார வேதியர் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் தன் கீர்த்தனைகளில் கொண்டுவந்த பாத்திரம் அது. இன்று நந்தனார் என்றதும் நினைவுக்கு வருவது அந்த வேதியர்தான். பாட்டோடு சேர்ந்து வந்த கதையை ஏட்டால் வெல்ல முடியாது. கோபாலகிருஷ்ண பாரதியாரும் அதற்குச் ‘சரித்திரம்’ என்றுதான் பெயர் வைத்தார் என்பது என் கட்சிக்குக் கொஞ்சம் இடிக்கிறது, இருக்கட்டும்.

என் தீர்ப்பு சின்னது. ‘சுயசரிதைப் படம்’ என்பதில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வெட்டுங்கள். ‘சரிதைப்படம்.’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் ‘வாழ்க்கைப்படம்’ என்று சொல்லட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் குடும்பக் கதை எல்லாமே வாழ்க்கைப்படம் ஆகிவிடும் என்பதால் நான் சரிதைப் பக்கம். அது முழு வழியையும் காட்டுவதாக உறுதி தரவில்லை, ஒருவர் நடந்த நடையைச் சொல்கிறேன் என்கிறது. ‘சரித்திரப் படம்’ என்றால் ராஜா, வாள், குதிரை வந்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “சரிதைப்படம் என்றால் அந்தக் காலத்துப் பக்திப் படம் மாதிரி இல்லையா? எம்.எஸ். நடித்த ‘மீரா’ மாதிரி?”

“நீங்கள் போன மாதம் பார்த்துவிட்டு எழுதினீர்களே, அந்தப் பாடகர் படம்,” என்றேன், “அது வேறு என்னவாம்?”