பாகம் இருக்க ஆழடி எதற்கு?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு டீக்கடையில் மீனவர்களுக்கான கையேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘இப்பகுதியில் ஆழம் 5 ஆழடி’ என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் படித்துக் காட்டினேன். “ஐந்தடிதானே தம்பி, இறங்கி நடந்தே போய்விடலாம்” என்றார். கையேடு சொல்ல வந்தது முப்பது அடி.

ஃபாத்தம் என்ற ஆங்கில அளவுக்கு யாரோ செய்த சொல் இந்த ‘ஆழடி’. இதை நான் பார்ப்பது இது நான்காவது முறை. ஃபாத்தம் என்பது பழைய ஆங்கிலத்தில் விரித்த இரு கைகளைக் குறித்த சொல். பிறகு ஆறடி என்று நிலைத்தது. 1959-இல் ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று நாடுகள் சில ஒப்புக்கொண்டபின், இரண்டு கஜமான ஃபாத்தம் 1.8288 மீட்டர் ஆனது. அவ்வளவுதான் அதன் கதை.

இந்தக் கரையில் அதற்குப் பாகம் என்று பெயர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தரை தட்டும்வரை விட்டு, மேலே இழுக்கும்போது இரு கைகளையும் விரித்து விரித்து எண்ணுவார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம். முழக்கணக்கில் நான்கு முழம், சாண் கணக்கில் எட்டுச் சாண். எண்சாண் உடம்பு என்கிறோமே, அதே அளவு. கை விரித்த நீளமும் ஆள் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதைப் பழமொழிக்காரனும் கண்டிருக்கிறான், கடல்காரனும் கண்டிருக்கிறான்.

பாகம் என்றால் பகுதி அல்லவா, குழப்பம் வராதா, அது வடசொல் அல்லவா என்பார்கள். கடலில் நின்று ‘பத்துப் பாகம்’ என்றால் பத்துப் பகுதி என்று எவனும் எண்ணமாட்டான். தூய சொல்லே வேண்டும் என்றால் குமரிக் கரையில் ‘மார்’ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆழடியில்தான் உண்மையான குழப்பம். அடி என்பது அங்குலக் கணக்கில் ஓர் அளவு, பானைக்குக் கீழ்ப்பகுதி, முதுகில் விழுந்தால் உதை. அதன் தலையில் ‘ஆழ’ என்று ஒட்டிவிட்டால் ஓரடி ஆறடி ஆகிவிடுமா? ஆழத்தை மட்டுமே அளக்கும் சொல் வலைக்கயிற்றை அளக்க உதவுமா? பாகத்தால் இரண்டையும் அளக்கிறார்கள்.

அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் கரைக்கு வருவதில்லை. பத்துப் பாகத்தைச் ‘சுமார் 18.288 மீட்டர்’ என்று எழுதுகிறவர்களும் இவர்கள்தான்; சுமாருக்கு மூன்று தசமம்! 3 கடல் மைலைத் தரை மைலாக எண்ணி 4.8 கிலோமீட்டர் என்று போடுகிறவர்களும் உண்டு. கடல் மைல் 1,852 மீட்டர். வரவேண்டியது ஐந்தரைக்குச் சற்று மேல். பாகத்தை மீட்டராக்குவது இதைவிட எளிது: இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழித்தால் போதும். பத்துப் பாகம் இருபது, இரண்டு போனால் பதினெட்டு.

இப்போது ஈயக்குண்டின் வேலையை, ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் செய்கிறது. பாம்பனில் நான் ஏறிய படகில் திரை 9.1 மீட்டர் காட்டியது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, வலையருகே நின்றவர்களிடம் “ஐந்து பாகம்” என்று குரல் கொடுத்தார்.