கலுங்குக்கு உத்தரவு வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் கண்மாய் ரொம்பிவிட்டால் "மறுகால் பாயுது" என்பார்கள். மறுகால் பாய்கிற இடத்துக்குப் பெயர் கலுங்கு. கரையின் ஒரு ஓரத்தில், கரையை விடத் தாழ்வாகக் கல்லில் கட்டின ஒரு நீளச் சுவர், அவ்வளவுதான். அதற்குக் கதவு கிடையாது, ஷட்டர் கிடையாது, சாவி வைத்திருக்கிற ஆளும் கிடையாது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் தானாகக் குதித்து அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு மழை கொட்டினாலும் யாரையும் எழுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

2015 டிசம்பர் 1 அன்று சென்னைப் பக்கம் நடந்தது வேறு கதை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஷட்டர் உண்டு, அதனால் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று யாராவது முடிவு எடுத்தாக வேண்டும். கடைசியில் நொடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்து, அது அடையாற்றில் இறங்கி, கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்குள் வந்தது. விதிப்படிதான் திறந்தோம் என்றது அரசு. 2018ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ இதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றது.

கலுங்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அரசு ஏன் தடுமாறுகிறது என்பதும் ஓரளவு பிடிபடும்.

சுவருக்கு மேலே வழிகிற தண்ணீரின் அளவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: சுவரின் நீளம், அதற்கு மேல் நிற்கிற தண்ணீரின் உயரம். நீளம் இரண்டு மடங்கானால் வெளியேறும் தண்ணீரும் இரண்டு மடங்கு. ஆனால் உயரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 2.8 மடங்கு, ஏனென்றால் தண்ணீரின் தடிப்பு மட்டுமல்ல, அதன் வேகமும் சேர்ந்து கூடுகிறது. வெள்ளம் ஏற ஏறக் கலுங்கு தானாகவே வேகமெடுக்கும். நம்ம ஊர் ஆட்கள் சூத்திரம் எழுதி வைத்துக்கொண்டு கட்டவில்லை, இருந்தாலும் கலுங்கின் நீளத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

அப்புறம் ஒரு நுணுக்கம். பழைய கலுங்குகளில் சுவர் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். அடைமழை ஓய்கிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகையும் புல்கரணையும் களிமண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒன்றிரண்டு அடி தண்ணீர் நிற்கும், கோடைக்கு ஆகும். மழைக்காலம் தொடங்கும்போது அதை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஐயா சொல்வார், "அடைக்க ஊரே வரும், எடுக்க ஒருத்தன் வரமாட்டான்." கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் வயல் வைத்திருப்பவருக்கு அடைப்பு வேண்டும், தண்ணீர் தேங்குகிற உள்வாய்ப் பக்கம் நிலம் முங்குகிறவருக்கு வேண்டாம். இந்தச் சண்டைதான் சின்ன அளவில் அரசியல்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? கலுங்கில் பாதி அடைபட்டுக் கிடந்தால், அதே வெள்ளம் வெளியேற முன்பு ஒரு அடி ஏறினால் போதும் என்ற இடத்தில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற வேண்டியிருக்கும். கரைக்குப் பாக்கி இருக்கிற உயரத்தை அது தின்றுவிடும். மண் கரை மேல் தண்ணீர் ஏறி வழிய ஆரம்பித்தால் பின்பக்கச் சரிவை அரித்துக்கொண்டே வந்து கரையை உடைக்கும். உடைந்த தண்ணீர் மொத்தமாகக் கீழ்க் கண்மாயில் விழும், அதன் கலுங்கும் தாங்காது. நம்ம பக்கக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றின் தப்பு அடுத்த ஊரின் வெள்ளம்.

சரி, ஷட்டர் வைத்தவன் முட்டாளா? இல்லை. கலுங்கு வானிலை அறிக்கை படிக்காது. நாளைக்குப் பெருமழை என்று தெரிந்தாலும் இன்றைக்கே ஏரியைக் காலி பண்ண அதனால் முடியாது, ஷட்டரால் முடியும். அந்தத் திறமையைத்தான் நாம் பயன்படுத்துவதில்லை. முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால், சித்திரையில் குழாயில் காற்று வரும்போது "யார் திறந்தது?" என்று கேட்பார்கள். 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்ததை நினைத்துப் பாருங்கள். திறக்காமல் வைத்திருந்து வெள்ளம் வந்தால் "வரலாறு காணாத மழை" என்று சொல்லிக்கொள்ளலாம். திறந்ததற்குக் கையெழுத்து உண்டு, திறக்காமல் இருந்ததற்குக் கிடையாது. இந்த நிலையில் எந்த அதிகாரியும் மேலே இருப்பவர் வாயைத்தான் பார்ப்பார், மேலே இருப்பவர் அவருக்கு மேலே.

உச்சியில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் 2009ல் அமெரிக்கத் தேர்தல் கணக்குகளை வைத்து ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள்: நிவாரணம் கொடுத்த அரசுக்கு ஓட்டு கூடுகிறது, முன்னேற்பாட்டுக்குச் செலவழித்த அரசுக்குக் கூடுவதில்லை. இத்தனைக்கும் முன்னேற்பாட்டில் போடுகிற ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பது அவர்களே போட்ட கணக்கு. அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும், 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வழியாக நம்ம பக்கம் வந்தபோது என்ன நடந்தது? கரை கடப்பதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அது இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. சாய்ந்த தென்னையும் கரண்ட் இல்லாத நாட்களும்தான் ஞாபகம். கோபம் நியாயமானதுதான், ஆனால் சாகாமல் போனவர்களை நாம் எண்ணுவதில்லையே.

மாறவே மாறாது என்றும் இல்லை. டிமதி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் இருவரும் 2002ல் இந்திய மாநிலங்களை ஒப்பிட்டு, பத்திரிகை அதிகம் விற்கிற மாநிலங்களில் பயிர் அழிந்தால் அரசு சுறுசுறுப்பாக அசைகிறது என்று காட்டினார்கள். ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள், சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. நடுவில் அங்கே பேரிடருக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள், புயல் முகாம்கள் கட்டினார்கள், யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை வெயில் காலத்திலேயே ஒத்திகை பார்த்து வைத்தார்கள். அணைக்கும் இதே வழி உண்டு: எந்தத் தேதியில் எத்தனை அடிக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது என்று முன்பே எழுதி ஊரறிய ஒட்டிவிட்டால், ஷட்டரும் பாதி கலுங்கு ஆகிவிடும்.

போன வாரம் எங்கள் ஊர்க் கலுங்குக்குப் போயிருந்தேன். குத்துக்கற்களுக்கு நடுவே 12 கண், அதில் 5ல் போன வருஷத்து மணல் மூட்டை, மேலே சீமைக்கருவை முளைத்து இடுப்புயரம் நிற்கிறது. மனு எழுதிக்கொண்டு போனால், இது எங்கள் கண்மாய் இல்லை என்று ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டியது. ஐப்பசிக்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.