ஸ்டீப்பிங்: ஊறவைப்பதா, முதிரவிடுவதா?

வேப் எனப்படும் மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தை வீட்டிலேயே கலப்பவர்கள், கலந்த கையோடு அதைப் பயன்படுத்துவதில்லை. புட்டியை இறுக மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் சில நாளோ சில வாரமோ போட்டுவைப்பார்கள். இதற்கு அவர்களிடையே வழங்கும் சொல் ஸ்டீப்பிங். அகராதியைப் புரட்டினால் 'ஊறவைத்தல்' என்று வரும். பிழையில்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் ஊறுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஸ்டீப் என்ற வினைச்சொல் ஆங்கிலத்துக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் கருத்து. முளைகட்டி மால்ட் செய்யும் பார்லியை நீரில் போட்டு நனையவிடுவதற்கு சுவீடன், டென்மார்க் மொழிகளில் இதற்கு உறவான சொற்கள் உண்டு. பிறகு அது தேயிலைக்கும் மூலிகைக்கும் பரவியது. 'செங்குத்தான' என்று பொருள்படும் இன்னொரு ஸ்டீப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வேறு சொல்.

பார்லியானாலும் தேயிலையானாலும் ஒரு திடப்பொருள் இருக்கிறது, அது நீரில் கிடந்து சாரத்தை விடுகிறது, அல்லது நீரை உறிஞ்சுகிறது. நம் 'ஊறு' என்ற வினையும் இதையே கேட்கிறது. அரிசி ஊறும், மாங்காய் உப்பில் ஊறும். கிணற்றில் நீர் ஊறும்போதும் எங்கிருந்தோ கசிந்து வருவதுதான் பொருள். சித்த மருத்துவத்தில் மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் போட்டு எடுப்பது ஊறல் குடிநீர். செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்று தலைப்பு வந்தால் அது கள்ளச்சாராயத்துக்காக வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்கவைத்த பேரல். வேப் திரவத்தில் இலையும் இல்லை, பட்டையும் இல்லை, நொதிப்பும் இல்லை. ஆகவே 'வேப் ஊறல்' என்றால் படிப்பவர் மனம் மலையடிவாரத்துக்குப் போய்விடும்!

அப்படியானால் உள்ளே நடப்பது என்ன? கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான், வாசனைச்சாறு, வேண்டுமானால் நிகோடின்: கலவை இவ்வளவுதான். கிளிசரின் நீரைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிசுபிசுப்பானது. அது மற்றவற்றோடு சீராகக் கலக்க நேரம் பிடிக்கும். நன்றாகக் குலுக்கினாலோ வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தினாலோ இந்தப் பாதி வேலை சீக்கிரம் முடியும். மறுபாதி வேதிமாற்றம், அதைக் குலுக்கி விரட்ட முடியாது. வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் ஓர் ஆல்டிஹைடு, அதாவது எளிதில் வினைபுரியும் சேர்ம வகை. அது புரோப்பிலீன் கிளைக்காலோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டல் என்ற புதுச் சேர்மமாகிறது. பழ வாசனைகள் ஓரிரு நாளில் தயாராகிவிடும், கஸ்டர்டுக்கும் புகையிலைச் சுவைக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கலப்பவர்கள் சொல்வார்கள்.

இந்தப் புதுச் சேர்மங்கள் சுவைக்கு மட்டும் உரியவை அல்ல. யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அவை மூச்சுப்பாதையின் எரிச்சல் உணரிகளைத் தூண்டுகின்றன என்று காட்டியது. உண்ணத் தகுந்த வாசனைச்சாறு மூச்சில் இழுக்கத் தகுந்தது என்று ஆகாது. வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைல் உணவில் சாதாரணம். அதன் ஆவியைச் சுவாசித்த அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு மீளாத நுரையீரல் நோய் வந்தது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரவம் பழுப்பேறினால் பக்குவம் வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். நிகோடின் காற்றும் ஒளியும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் அதே பழுப்புதான் வரும். மூடியைத் திறந்துவைத்து 'மூச்சுவிடச் செய்வது' இதை விரைவுபடுத்தும், மெல்லிய மணங்களும் பறந்துபோகும். அதைப் பக்குவம் என்பதைவிடக் கெடுதல் என்பதே பொருத்தம்.

இந்த வழக்கம் வேரூன்றிய இடங்களில் பிரிட்டன் முக்கியமானது. அங்கே 2016 விதிகளின்படி நிகோடின் திரவம் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, புட்டியும் 10 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. நிகோடின் இல்லாத திரவத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே 60 மில்லிலிட்டர் புட்டியில் 50 மட்டும் நிரப்பி விற்கிறார்கள். வாங்குபவர் 18 மில்லிகிராம் வலுவுள்ள 10 மில்லிலிட்டரைத் தானே ஊற்றிக்கொண்டால் கலவை 3 மில்லிகிராமுக்கு இறங்கும். தமிழ்நாட்டில் மின்சிகரெட்டுக்கு 2018-இலேயே தடை. 2019-இன் மத்தியச் சட்டம் உற்பத்தி, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் குற்றமாக்கியது. சிங்கப்பூரிலோ வைத்திருப்பதே குற்றம். தொழிலே வெளிப்படையாக இல்லாத இடத்தில் தொழிற்சொல் எப்படி விளையும்? நமக்கு மருத்துவக் கட்டுரையும் வழக்குச் செய்தியும் எழுதத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

என் தேர்வு 'முதிரவிடுதல்'. மது முதிர்வதை முன்பே அப்படித்தான் சொல்கிறோம், காலத்தால் தன்மை மாறுவது அதில் அடங்கிவிடுகிறது. 'வைத்தல்' என்பதைவிட 'விடுதல்' மேல், கலந்தவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் அல்லவா? 'பதப்படுத்துதல்' தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது, கெடாமல் காப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். 'ஆறப்போடுதல்' அழகான சொல், ஆனால் அதில் சூடு இருக்க வேண்டும். புகையிலை இலையையே கிளிசரினில் போட்டுச் சாறு இறக்குபவர்களும் உண்டு. அவர்கள் செய்வதற்கு மட்டும் 'ஊறவைத்தல்' அப்படியே பொருந்தும். கிளிசரின், நிகோடின், வெனிலின் முதலியவற்றை மொழிபெயர்க்கப் புறப்பட வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டால் கிளிசரின் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.