ஓர் உளுந்தளவு காற்று

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளாங்குளம் வர முன்னரே பிக்கப்பின் இழுவை குறையத் தொடங்கியது. அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு விக்கல். கொஞ்சத் தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு இன்னொரு விக்கல். மூன்றாவதோ நாலாவதோ விக்கலில், நான் ஓரங்கட்டுவதற்கும் அது அடங்குவதற்கும் சரியாக இருந்தது. பின்பெட்டியில் அக்காவின் பழைய அலுமாரி, தலைக்கு மேலே பின்னேர வெயில், இரண்டு பக்கமும் பற்றைக்காடு. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு மன்னாருக்குப் போக எங்களுக்கு இதுதான் கிட்டத்துப் பாதை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளரவம் குறைவென்பது உறைப்பதில்லை.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. கோண்டாவிலில் இருக்கும் எங்கள் கராஜ் அண்ணையை அழைத்தேன். எங்கே நிற்கிறாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"தம்பி, டக்கெண்டு நிண்டதோ, விக்கி விக்கி நிண்டதோ?"

அதற்குப் பிறகு அவர் கேட்டது நாலைந்து கேள்விதான். ஐம்பது அறுபது கிலோமீற்றருக்கு அப்பால், வேறு யாருடையதோ வானுக்குக் கீழே படுத்துக்கொண்டே, என் பிக்கப்பின் நோவைப் பிடித்துவிட்டார். பழைய டீசல் எஞ்சினை வாய்ச்சொல்லாலேயே சோதிக்கலாம். ஏனென்று விளங்க, அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

பெற்றோல் எஞ்சினில் பிளக் பொறி தட்டித் தீ மூட்டும். டீசலில் அந்தப் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, அது இருபதில் ஒரு பங்காகும்வரை பிஸ்ரன் நெரிக்கும். சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சூடுதான், பல மடங்காக. ஓடும் எஞ்சினில் நெரிபட்ட காற்று 500 பாகை செல்சியசையும் தாண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதிகூடத் தேவையில்லை, 210 பாகையளவு போதும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகாராக விசிறினால் வெடித்து எரியும். ருடோல்ப் டீசல் 1897இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓடவைத்துக் காட்டியது இதைத்தான். தென்கிழக்காசியாவில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஒரு சிறு குழாய்க்குள் தண்டை ஒரே குத்தாகக் குத்தி, உள்ளே வைத்த பஞ்சைப் பற்றவைத்துவந்தார்கள். தத்துவம் ஒன்றே.

ஆக, காற்று, நெரிப்பு, டீசல் ஆகிய மூன்றும் நேரத்துக்கு வந்தால் எஞ்சின் ஓடியே ஆகும். பழைய வகையில் மின்சாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. பற்றரி ஸ்ராட் மோட்டரைச் சுற்றும். சிலிண்டர்களுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் மேலே ஒரு சின்ன மின்காந்தம், சாவி போட்டிருக்கும்வரை டீசல் வழியைத் திறந்து பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு ஹீற்றர் பிளக் கொஞ்சம் சூடு கொடுக்கும். என்னுடையது சற்று முன்வரை ஓடிய சூட்டில் இருந்தபடியால், "ஹீற்றரை விடு" என்று அண்ணை அதை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்.

இனி அவருடைய முதல் கேள்வி. டக்கென்று நின்றிருந்தால் இரண்டு சந்தேகம்: மின்காந்தத்துக்குப் போகும் வயர் கழன்றிருக்கும், அல்லது பிஸ்ரனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கும். இரண்டாவது பொல்லாதது. அறுந்த நிலையில் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணினால் பிஸ்ரன் போய் வால்வில் முட்டி, நூறு ரூபாய் வருத்தம் இலட்ச ரூபாய் வருத்தமாகிவிடும். விக்கி விக்கி நின்றதென்றால் எஞ்சினுக்குச் சாப்பாடு போதவில்லை.

ஆனாலும் அவர் என் சொல்லை முழுதாக நம்பவில்லை. "சாவியைப் போட்டுட்டு வந்து, பம்புக்கு மேலை போற ஒற்றை வயரைக் கழட்டித் திரும்பத் தொட்டுப் பார்." தொட்டேன். மெல்லிய ஒரு பொறி, உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். வழி திறக்கிறது. "சரி. இப்ப செல்ப் அடி. பின்னாலை புகை வருதோ?"

இந்தப் புகைக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. டீசல் உள்ளே போயும் பற்றவில்லையென்றால், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். அப்போது நெரிப்பிலோ சூட்டிலோ பிழை. புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவேயில்லை. ஸ்கானர் இல்லை, மீற்றர் இல்லை. சைலன்சர் வாயை ஒரு தரம் எட்டிப் பார்ப்பதில் பாதி எஞ்சின் குற்றப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடுகிறது. எனக்குப் புகை வரவில்லை.

"பில்ரருக்கு மேலை ஒரு குமிழ் இருக்கெல்லே, அதைக் கையாலை அமத்து. கல்லு மாதிரிக் கிடக்கோ, பஞ்சு மாதிரிக் கிடக்கோ?"

"பஞ்சு மாதிரி அண்ணை."

"அப்ப காத்துப் பூந்திட்டுது."

எஞ்சின் காற்றைத்தானே குடிக்கிறது, பிறகு காற்றுப் புகுந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். சிலிண்டருக்குள் போகும் காற்று வேறு. டீசல் குழாய்க்குள் போகும் காற்று நஞ்சு.

இந்த வகைப் பம்ப், ஒவ்வொரு தடவையும் ஒரு நொசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலை விசிறும் மூக்குக்கு, தள்ளும் டீசல், பாரத்தைப் பொறுத்து சுமார் 10 முதல் 40 கன மில்லிமீற்றர்தான். ஓர் உளுந்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு. நொசிலின் ஊசியைப் பலமான ஒரு சுருள்வில் மூடிப் பிடித்திருக்கும். குழாயில் அமுக்கம் 100 பாருக்கு மேலே ஏறினால்தான் அது திறந்து விசிறும். கார் ரயருக்குள் இருப்பது 2 பார் அளவு என்றால் இது எவ்வளவென்று பார்த்துக்கொள்ளலாம். டீசல் திரவம், அந்த அமுக்கத்திலும் அது நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. அதனால் பம்ப் இந்த நுனியில் தள்ளிய உளுந்து அந்த நுனியில் அப்படியே வெளியே வரும். இரும்புக் கம்பியால் குத்துவது போல.

அதே குழாயில் ஓர் உளுந்தளவு காற்றுக் குமிழி இருக்கிறதென்று வையுங்கள். பம்ப் தள்ளுகிறது. காற்று சுருங்கி, தள்ளியதையெல்லாம் தன் இடத்திலேயே வாங்கிக்கொள்கிறது. அமுக்கம் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை, ஊசி அசையவில்லை, சிலிண்டருக்குள் ஒரு துளியும் போகவில்லை. பம்ப் பின்வாங்கக் குமிழி மறுபடி ஊதிப்போகிறது. எஞ்சின் சுற்றுகிறது, பம்ப் உழைக்கிறது, தாங்கியில் டீசல் நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. கையால் அமத்திய குமிழ் பஞ்சாக இருந்ததும் இதனால்தான். கம்பியால் குத்தவேண்டிய இடத்தில் நான் ஒரு தலையணையைக் குத்திக்கொண்டிருந்தேன்.

காற்று எப்படிப் புகுந்தது? நான் குனிந்து வாகனத்துக்குக் கீழே பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை. ஒழுகவில்லை, ஆகவே ஓட்டை இல்லை என்று அண்ணைக்குச் சொன்னபோது அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

இளநீருக்குள் ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கிறோம். ஸ்ட்ரோவின் நடுவில் ஒரு கீறல் இருந்தால் இளநீர் அதனால் ஒழுகுமா? ஒழுகாது. வாயில் காற்றுத்தான் வரும். பிக்கப்பிலும் அப்படியே. தாங்கி பின்னால் தாழ்வாக இருக்கிறது; பம்ப் முன்னால் உயரத்தில் இருந்துகொண்டு டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாய்க்குள் அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே கீறல் விழுந்தால் உள்ளிருப்பது வெளியே வராது, வெளியிருப்பது உள்ளே போகும். ஓட்டை உலர்ந்தே இருக்கும்.

"பில்ரர் குமிழை அமத்தேக்கை பம்ப் பக்கம் எங்கையும் ஈரம் கசியுதோ?" இல்லை என்றேன். குமிழை அமத்தும்போது பில்ரருக்கும் பம்புக்கும் இடையில் அமுக்கம் கூடும். அந்தத் துண்டில் கீறல் இருந்தால் இப்போதாவது ஒழுகிக் காட்டிக்கொடுத்திருக்கும். காட்டவில்லை. மிச்சம் இருப்பது தாங்கிக்கும் பில்ரருக்கும் இடைப்பட்ட வழி. "அப்ப தாங்கியாலை வாற இரும்புக் குழாயும் றப்பர் ஓசும் சேருற இடத்தைப் பார். ஓசை வளைச்சுப் பார்."

வளைத்தேன். கிளிப் கடித்த இடத்தை ஒட்டி, வயதான கையில் ரேகைபோல நாலைந்து வெடிப்பு. நேராக விட்டால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாய் திறக்கிறது. பழைய றப்பருக்கு எஞ்சின் சூடும் எங்களூர் வெயிலும் சேர்ந்தால் இதுதான் கதி.

இந்த மனிதருக்கு இப்படி ஒரு காது எங்கிருந்து வந்தது என்றால், அவர் தொழில் பழகிய காலத்தைச் சொல்லவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, பொறி தட்டினாலும் பற்றாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகமும் இல்லாத, எரிபொருளும் இல்லாத காலத்தில் எஞ்சினை ஓடவைத்தவர்களுக்கு, அதன் ஒவ்வொரு முக்கலும் முனகலும் பாடம். (டீசல் பம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள். அந்தப் பம்புக்கு டீசல்தான் உராய்வெண்ணெயும். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது, உள்ளே தேய்ந்துவிடும்.)

ஓசின் வெடித்த நுனியை இரண்டு சென்ரிமீற்றரளவு வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை இழுத்துச் செருகி, கிளிப்பை இறுக்கவேண்டும். வெட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்று, பெட்டியில் வைக்கோலோடு டுப்பு டுப்பென்று வந்து நின்றது. ஓட்டி வந்த ஐயா இறங்கி, ஒரு பார்வை பார்த்து, "காத்தோ?" என்றார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

பிறகுதான் உண்மையான வேலை: புகுந்த காற்றை வெளியேற்றுவது. குமிழை நாற்பது ஐம்பது தடவை அமத்தினேன். பஞ்சு மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் பெருவிரல் நோகுமளவுக்குக் கல்லாயிற்று. அதோடு முடியவில்லை, பம்புக்கும் நொசில்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய இரும்புக் குழாய்களிலும் காற்று நின்றது. 17 ஆம் நம்பர் ஸ்பானரால் நொசில் பக்கத்து நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தினேன். ஐயா உள்ளே ஏறி செல்ப் அடித்தார். முதலில் நுரை, சவர்க்காரத் தண்ணீர் மாதிரி, பிசுபிசுவென்ற சத்தத்தோடு. சில வினாடியில் நுரை குறைந்தது. பிறகு, எஞ்சினின் சுற்றுக்குத் தாளம் போட்டாற்போல, தெளிந்த டீசல் துடித்துத் துடித்து வந்தது. இறுக்கிவிட்டு அடுத்ததைத் தளர்த்தினேன். ஒரே மூச்சில் பதினைந்து வினாடிக்கு மேலே செல்ப் அடிக்க அண்ணை விடவில்லை. ஸ்ராட் மோட்டர் ஆற இடைவெளி வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தளர்ந்த நட்டுக்கு முன்னால் விரலை வைக்கக்கூடாது. அந்த அமுக்கத்தில் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், நோவும் குறைவாக இருக்கலாம். ஆனால் கையையே இழக்கவைக்கும் காயம் அது. அப்படி நேர்ந்தால் துடைத்துவிட்டு வேலையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் அமுக்கம் ஆயிரம் பாரையும் தாண்டும், இந்த வித்தையை அங்கே நினைத்தும் பார்க்கக்கூடாது. அவை குறைவாகக் குடிக்கின்றன, குறைவாகப் புகைக்கின்றன, என்னுடையதைவிட எல்லாவகையிலும் உத்தமம். காட்டு வழியில் நின்றுபோனால் மட்டும், சைலன்சரை எட்டிப் பார்த்து விடை சொல்லமுடியாது.

இரண்டாவது நட்டை இறுக்கும்போதே எஞ்சின் இருமத் தொடங்கியது. மூன்றாவதோடு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, வெள்ளையாக ஒரு பொதி புகை விட்டு, நின்று பிடித்துக்கொண்டது. மிச்சக் குமிழியை அதுவே தள்ளிவிடும் என்றார் அண்ணை. ஓஸ் மறுபடி ஏமாற்றினால் அதற்கும் ஒரு வழி சொல்லித்தந்தார்: டீசல் கானை பில்ரரைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேரே பில்ரருக்கு ஒரு ஓஸ் விடு. உறிஞ்சும் வேலை போய், டீசல் தன் பாரத்திலேயே இறங்கும். ஒரு மீற்றர் உயரம் கொடுக்கும் அமுக்கம் ஒரு பாரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் குறி மாறிவிடுகிறது: உள்ளே அமுக்கம் கூட, வெளியே குறைவு. இனிக் கீறல் இருந்தால் ஒழுகுமே தவிர, காற்றுப் போகாது. லான்ட்மாஸ்ரரில் தாங்கி எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பதைக் காட்டி, "இதுக்கு உந்தக் கரைச்சல் குறைவு தம்பி. டீசல் முடியவிட்டாத்தான் காத்தெடுக்கவேணும்" என்றார் ஐயா. காசு நீட்டினேன், வாங்கவில்லை. வைக்கோலுக்கு மேலே கத்தியை எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தநாள் கராஜில் ஓசைப் புதிதாகப் போட்ட அண்ணை, அதோடு விடாமல் தாங்கியையும் இறக்கினார். வெடித்த ஓஸ் இத்தனை காலமும் ஓடத்தானே செய்தது, நேற்று மட்டும் ஏன் காற்றை இழுத்தது என்பது அவருடைய கேள்வி. உறிஞ்சு குழாயின் முனையில் ஒரு சிறு வலை இருக்கிறது. அதில் கறுப்பாய், கத்தரிக்காய்க் கறி அடிப்பிடித்தது போல ஒரு வழுவல் படிந்திருந்தது. நெடுநாள் கிடந்த டீசலில் ஈரம் சேர்ந்து அடியில் தண்ணீராக நிற்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படிச் சளியாகும். வலை அடைபட, பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும். பலமாக உறிஞ்சியபோதுதான் அந்தப் பழைய வெடிப்பு வாய் திறந்திருக்கிறது.

அண்ணை சளியை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது எங்கை அடிச்ச டீசல்?"

2022இல், வரிசையில் நின்று நின்று வாங்கி, இன்னும் தட்டுப்படுமோ என்று பயந்து கானில் சேர்த்துவைத்தது. வீணாக்கக் கூடாதென்று போன கிழமைதான் ஊற்றினேன். ஏதோ ஒரு பெற்றோல் செட்டிலை அடிச்சது அண்ணை என்றேன். வீட்டில் கோடிப்பக்கம், அந்தக் கானில் இன்னும் ஐந்து லீற்றர் கிடக்கிறது.